கணக்குக் காட்டாதவரும் அவர்தம் சுற்றமும்: உத்தரமேரூர்ச் சபை விதிகளில் பொறுப்புடைமை

ஆய்வுச் சுருக்கம்

முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் குடவோலைத் தேர்தலுக்குரிய சான்றுகளாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளன. தேர்ந்தெடுக்கப்பெற்றவர் தம் பொறுப்புக்காலம் முடிந்தபின் கணக்கு ஒப்புவிக்கும் கடமையை அவை எவ்வாறு அமைத்தன என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் உறவினரையும் விலக்கும் விதி, உறவினர்க்குச் சலுகை காட்டுவதைத் தடுப்பது என்றே பொதுவாக விளக்கப்படுகிறது. அவ்விதி சுற்றத்தாரைக் கணக்குக்குப் பிணையாக்கவும் வல்லது என்பதை, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கொண்டும், திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரக் கருத்தைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: உத்தரமேரூர், சபை, வாரியம், குடவோலை, கணக்கு, சுற்றம், பிணை, திருக்குறள்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர், பல்லவர் காலந்தொட்டே கல்வெட்டுச் சான்றுடைய பிரமதேய ஊராகும். அவ்வூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) பொறிக்கப்பட்ட இரண்டு தீர்மானங்கள், சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையை விரித்துரைக்கின்றன. வெங்கய்யா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் அறிஞர் கவனத்திற்குக் கொண்டுவந்தார். நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை பற்றிய ஆய்வு நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். அதன்பின் பாடநூல்களிலும் மேடைகளிலும் இக்கல்வெட்டுகள் இடம்பெறாத ஆண்டில்லை. எனினும் அங்கெல்லாம் வியந்து பேசப்படுவது குடமும் ஓலையும் சிறுவனுமே. தலைமைக்கு ஒருவரைத் தெரிவு செய்வது ஒரு சிக்கல்; தெரிவு செய்யப்பட்டவரைப் பதில் சொல்ல வைப்பது வேறொரு சிக்கல். பின்னதற்கு உத்தரமேரூர்ச் சபை கண்ட வழி, முன்னதற்குக் கண்ட வழியைவிட நுட்பமானது.

தெரிவுமுறை

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, வாயோலையிட்டுக் கட்டப்பட்டு, குடத்தில் இடப்பட்டன. அவ்வாறு தெரிவான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் உரியவர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியே தெரிவு செய்யப்பட்டன. பொறுப்புக்காலம் 360 நாள். இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் வேண்டப்பட்டன. கல்வியில் மிக்கவர்க்கு நில வரம்பு அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டாம் கல்வெட்டில் 35 முதல் 70 வரை என்று மாற்றப்பட்டது.

ஓலை எடுக்கும் நிகழ்ச்சியை இக்கல்வெட்டு விவரிக்கும் முறையில் ஓர் ஐயப்பாட்டு மனம் தொழிற்படுவதைக் காணலாம். சபையார் இளையோரும் முதியோருமாகக் கூடியிருக்க, ஊரிலுள்ள நம்பிமார் அனைவரும் தவறாது உள்மண்டபத்தில் இருத்தப்படுகின்றனர். அவருள் முதியவர் ஒருவர் எழுந்து குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிக்கிறார். உள்ளிருப்பதன் வேறுபாடு அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அது வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கப்பட்டு, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கப்படுகிறது. அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்தபின் நம்பிமார் எல்லாரும் அவ்வோலையை வாசிக்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறலாம் என்று எண்ணிப் பார்த்தவர் வகுத்த விதி இது. இதற்கு முன் அவ்வாறு ஓர் ஓலை மாறியதுண்டா என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. ஆயினும் தீயோர் கெட்டு நல்லோர் வளர்வதே இவ்வேற்பாட்டின் நோக்கம் எனக் கல்வெட்டே காரணம் காட்டுவதால், சபை தன் பழைய பட்டறிவிலிருந்தே பேசுகிறது எனக் கருத இடமுண்டு.

குடத்தைக் கட்டி இலச்சினையிட்டு, இலச்சினையைச் சரிபார்த்த பின்னரே உடைத்து ஓலையை வெளியே எடுக்கும் வழக்கம் அகநானூற்றின் 77ஆம் பாடலில் உவமையாக வருகிறது. பாலை நிலத்தில் இறந்துபட்டவர் குடரைப் பருந்து இழுக்கும் காட்சிக்குப் புலவர் அதனை உவமையாக்குகிறார். அப்பாட்டில் தேர்தல் பற்றிய குறிப்பு ஏதுமில்லை. எனவே சங்க காலத்திலேயே குடவோலைத் தேர்தல் இருந்தது என்பதற்கு அதனை நேரடிச் சான்றாக்குவது மிகையாகும். முத்திரையிட்ட குடத்தைச் சான்றோர் முன் திறக்கும் ஆவண வழக்கு பழமையானது என்ற அளவில் கொள்வதே பொருந்தும்.

இரு கல்வெட்டுகளுக்கு இடையே நேர்ந்த மாற்றம்

919ஆம் ஆண்டுத் தீர்மானம் உறவினரை ஒரு வகையில் விலக்கியது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும், அப்போது வாரியத்திலிருந்து இறங்கிய பெருமக்களுக்கு நெருங்கிய உறவினரும் தெரிவுக்கு உரியரல்லர். இது ஒரே குடும்பத்தார் அடுத்தடுத்துப் பொறுப்பில் அமர்வதைத் தடுக்கும் விதி. இறங்கியவர் நேர்மையாளராயினும் அல்லராயினும் அவர் உறவினருக்கு விலக்கு ஒன்றே. நேர்மைக்கு இங்கே ஊதியமில்லை. தவறுக்குத் தனித் தண்டமுமில்லை.

921ஆம் ஆண்டுத் தீர்மானம் மூன்றாண்டு இடைவெளியைக் காத்துக்கொண்டது. உறவினர் விலக்கை மட்டும் இடம்மாற்றி வைத்தது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது இருந்தவரும் அவர்க்கு உறவுடையாரும் குடவோலையில் பெயர் எழுதப்பெறார் என்பது புதிய விதி. உறவினர் யாவர் என்பதும் பொதுச்சொல்லால் விடப்படவில்லை. தாயின் தங்கை, தமக்கை ஆகியோர் மக்கள், அத்தை, மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவர், தந்தையுடன் பிறந்தவர், தன்னுடன் பிறந்தவர், பெண் கொடுத்த மாமனார், மனைவியுடன் பிறந்தவர், சகோதரியின் கணவர், சகோதரியின் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் என அவர்கள் ஒவ்வொருவராக எண்ணப்படுகின்றனர். குருதியுறவும் கொண்டு கொடுத்த உறவும் இதில் ஒருங்கே அடங்கும். பாட்டியல் நூல்களிலும் நிகண்டுகளிலும் காணக்கிடைக்காத அளவுக்கு உறவுமுறையைத் துல்லியமாக எழுதிவைத்த பத்தாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடைப் பகுதி என்ற வகையிலும் இது தனித்து ஆராயத்தக்கது.

இரு விதிகளையும் அருகருகே வைத்தால் மாற்றத்தின் தன்மை விளங்கும். முன்னதில் உறவினர் விலக்கப்படுவது ஒருவர் பொறுப்பிலிருந்து இறங்கியதனால். பின்னதில் அவர் கணக்குக் காட்டாமையால். முன்னதில் விலக்கு தானே வந்து தானே நீங்குவது. பின்னதில் அதற்குக் கால வரம்பு குறிக்கப்படவில்லை. கணக்குக் காட்டாத நிலை எதுவரை நீடிக்கிறதோ அதுவரை அதுவும் நீடிக்கும் எனக் கொள்ளலாம். அதாவது, ஒருவர் பொறுப்பிலிருந்து இறங்கும் நாளில் அவருடைய மைத்துனரும் மருமகனும் மாமன் மகனும் அவருடைய கணக்கோலை சபைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்கும் நிலையில் வைக்கப்படுகின்றனர். அது வராத வரையில் அவர்களுள் எவர் பெயரும் குடத்தில் விழாது.

வழக்கமான விளக்கம் உறவினரைப் பயன்பெறுவோராகவே காண்கிறது. கணக்குக் காட்டாதவர் தம் உறவினர் வழியே மறைமுகமாகப் பொறுப்பில் தொடர்வதைத் தடுப்பதே நோக்கம் என்கிறது. அது தவறன்று. ஆனால் அந்நோக்கம் மட்டுமே இருந்திருப்பின் 919ஆம் ஆண்டு விதியே அதற்குப் போதுமானது. அது எல்லா உறவினரையும் விலக்கிவிட்டதே! கணக்குக் காட்டியவரின் உறவினர்க்கு வழி திறந்து, காட்டாதவரின் உறவினர்க்கு மட்டும் அடைத்த 921ஆம் ஆண்டுத் திருத்தம் உறவினரைக் காவலராகவும் ஆக்கவல்லது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்விளக்கத்துக்கு ஒரு வலுவான மறுப்பு எழும். உறவினரையும் சேர்த்து விலக்கும் முறை கணக்குக்கு மட்டும் உரியதன்று. தகாத புணர்ச்சியும் ஐம்பெரும் பாதகங்களுள் முதல் நான்கும் எழுத்திற் பதிவானவர்க்கும் இதே உறவுப் பட்டியல் பொருத்தப்படுகிறது. ஆகவே இது தீட்டுக் கோட்பாட்டின் விரிவேயன்றி ஆட்சி நுட்பம் அன்று எனலாம்.

விதிகளின் வரிசையையும் வேறுபாட்டையும் நோக்கினால் இம்மறுப்பு தளரும். விலக்கப்படுவோர் பட்டியலில் பாதகங்களுக்கு முன்னே, முதலிடத்தில் நிற்பது கணக்குக் காட்டாமை. மேலும் பிறர் பொருளைக் கவர்ந்தவர் விலக்கப்படும் இடத்தில் உறவினர் சேர்க்கப்படவில்லை. விலக்கப்பட்ட உணவு உண்டவர், பதிதரோடு பழகியவர் ஆகியோர்க்கும் அவ்வாறே. திருட்டுக்குச் சேராத உறவினர் கணக்குக்குச் சேர்வதைத் தீட்டுக் கோட்பாடு விளக்காது. திருட்டு முடிந்துபோன செயல். உறவினர் அதனை மீட்க இயலாது. கணக்குக் காட்டாமையோ இன்னும் செய்யப்படாத ஒரு கடமை. உறவினர் வற்புறுத்தினால் நாளையே நிறைவேறக் கூடியது. பாதகத்துக்கு உறவினரைச் சேர்த்தது தருமநூல் மரபாகலாம். அம்மரபின் வடிவத்தைச் சபை எடுத்து, மரபு எண்ணாத ஒரு பயனுக்கு ஆக்கிக்கொண்டது என்பதே பொருந்துகிறது.

குறளும் கல்வெட்டும்

திருக்குறள் பொருட்பாலில் வினைக்குரியாரைத் தெரிவது பற்றித் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் வழியாக ஒருவரின் இயல்பை ஆராய்க என்பதும், அன்பு காரணமாக அறிவில்லாரைத் தேர்வது பேதைமை என்பதும், சிறந்தவர் என்பதற்காக அன்றிச் செய்யவல்லார் என்பதற்காகவே வினையை ஒப்படைக்க வேண்டும் என்பதும் அவ்விரண்டும் வற்புறுத்தும் கருத்துகள். வினை செய்வாரை அரசன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்றும் வள்ளுவர் கூறுகிறார். இங்கே ஆராய்பவன் ஒருவன், ஆராயப்படுவோர் பலர். அவ்வொருவனின் அறிவே முழு அமைப்புக்கும் பொறுப்பு. சபையிலோ ஆராய்வாரும் ஆராயப்படுவாரும் ஒரே நிலவுடைமைக் கூட்டத்தார். இன்று கணக்குக் கேட்பவர் அடுத்த சுற்றில் கணக்குக் காட்ட வேண்டியவர். குறளின் அறிவுரையை அப்படியே எடுத்தாள இயலாத சூழல் இது.

எனினும் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் 506ஆம் குறள், அற்றாரைத் தெளிய வேண்டா என்கிறது. அவர்க்குப் பற்றில்லை, ஆதலின் பழிக்கு நாணார் என்பது அதன் காரணம். அற்றார் என்பதற்குப் பரிமேலழகர் சுற்றமில்லார் எனப் பொருள் கொள்வார். அன்பின் வயப்பட்டு உறவினரைத் தெளியாதே என்று எச்சரிக்கும் அதே அதிகாரம், உறவே இல்லாதவரையும் தெளியாதே என்பது மேலோட்டமாக முரண்போலத் தோன்றும். உறவு ஒருவனை நடுவுநிலையிலிருந்து விலக்கவும் செய்யும். பழிக்கு அஞ்சச் செய்து நெறியில் நிறுத்தவும் செய்யும். வள்ளுவர் இரண்டையும் ஒருங்கே காண்கிறார். அடுத்துச் சுற்றந்தழால் என ஓர் அதிகாரமே வைப்பதும் இப்பின்னணியில் பொருள்படும்.

குறளில் பழிநாணுதல் தனிமனித உணர்வாகவே நிற்கிறது. உத்தரமேரூர்ச் சபை அவ்வுணர்வுக்கு ஒரு நடைமுறை வடிவம் தந்தது. கணக்குக் காட்டாதவர் நாணாவிடினும் அவருடைய மருமகனுக்கு இழப்பு உண்டு. அவ்வாண்டுக் குடத்தில் தன் ஓலை இல்லாததை அவன் ஊரறியக் காண்பான். சபையார் குறளைக் கற்றே இவ்விதியை வகுத்தனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. உறவுக்குள்ளேயே மணஉறவு கொண்டு வாழும் சிறு நிலவுடைமைச் சமூகத்தில் பழி எவ்வழி பரவும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர் என்பதே போதும்.

சிலப்பதிகாரப் பாண்டியன் நெடுஞ்செழியன் தன் பிழை உணர்ந்த கணத்தில் உயிர் துறக்கிறான். தமிழ் மரபில் தலைமையின் பொறுப்புக்கு அதனினும் உயர்ந்த எடுத்துக்காட்டு இல்லை என்பர். உண்மையே, ஆனால் அரசன் மாய்ந்தபின்னும் மதுரை எரிந்தது. சபையின் விதி அத்தகைய உயர்வு எதனையும் யாரிடத்தும் எதிர்பார்க்கவில்லை.

கணக்கெழுதுவான்

வாரியப் பெருமக்கள் ஆண்டுதோறும் மாறுவர். ஊர்க்கணக்கு எழுதுபவன் மாறாது இருந்துவிடக்கூடும். இந்த இடைவெளியையும் 921ஆம் ஆண்டுத் தீர்மானம் விட்டுவைக்கவில்லை. மத்தியஸ்தருள் நேர்மையாகப் பொருள் ஈட்டியவரே கணக்கு எழுத வேண்டும். எழுதியவர், தம் காலக் கணக்கைக் கணக்குப் பெருவாரியத்தாரிடம் ஒப்புவித்து, தூயவர் என அவர்கள் கூறும்வரை மீண்டும் அப்பணிக்கு வர இயலாது. தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்ட வேண்டும். வேறு கணக்கர் புகுந்து அதனை முடிக்கலாகாது. இறுதி விதியே மிகக் கூர்மையானது. முன்னவர் எழுதிய கணக்கைப் பின்னவர் முடித்தால், பிழை யாருடையது என்று எக்காலத்தும் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் காட்டித் தப்பலாம். பொறுப்பு கைமாறும் இடத்திலேயே பொறுப்பு தொலைகிறது என்பதை அறிந்த எழுத்து இது. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் கழுதை ஏற்றப்பட்டவரும் பொய்யாவணம் செய்தவரும் ஆகார் எனத் தனியே கூறியதும் இவ்வகையைச் சார்ந்தது.

இதற்கு முன்னரே பாண்டிய நாட்டு மானூர்ச் சபை வேறொரு சிக்கலுக்கு வழி தேடியது. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள அவ்வூர்க் கல்வெட்டு, சபையில் எப்பொருளுக்கும் மறுப்பே கூறி நடவடிக்கையைத் தடுப்பவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் 5 காசு தண்டம் விதிக்கிறது. தடைசெய்வாரை அடக்கிய அவ்விதி, நேர்மையாக மறுப்பவரையும் அஞ்ச வைத்திருக்கும். உத்தரமேரூர் விதி அவ்வகையில் எவர் வாயையும் அடைக்கவில்லை.

விதியின் எல்லைகள்

இவ்வமைப்பை இக்கால மக்களாட்சியின் முன்னோடி எனப் போற்றுவோர் மறப்பது ஒன்றுண்டு. குடத்தில் பெயர் விழுந்தவர் அனைவரும் நிலமுடைய பிராமண ஆடவர். அவர்தம் நிலத்தை உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் அங்கு ஓலை இல்லை. ஏரி வாரியம் தன் கணக்கை உழுகுடியிடம் காட்டவில்லை; தன்னையொத்தாரிடமே காட்டியது. சுற்றத்தைப் பிணையாக்கும் முறை வெற்றி பெறக்கூடியதும் அத்தகைய மூடிய கூட்டத்துக்குள்தான். உறவினர் யாரென எல்லார்க்கும் தெரிந்த ஊரில், அவரும் பதவிக்குத் தகுதியுடைய நிலையில் மட்டுமே அவ்விலக்கு இழப்பாகும்.

இன்றைய சட்டம் ஒருவர் பிழைக்கு அவர் மைத்துனரைத் தண்டிப்பதில்லை, அதுவே முறை. எனினும் உத்தரமேரூர் எதிர்கொண்ட வினா மறையவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10அ பிரிவு, தேர்தல் செலவுக் கணக்கை உரியவாறு ஒப்படைக்காத வேட்பாளரை மூன்றாண்டுக்குத் தகுதியற்றவராக்க வழிசெய்கிறது. விலக்கு அவரோடு நின்றுவிடுகிறது. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டமோ இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் நிதிநிலை அறிக்கையையோ ஆண்டு விவரத்தையோ தாக்கல் செய்யாத நிறுமத்தின் இயக்குநர்கள், அந்நிறுமத்தில் மீண்டும் அமர்த்தப்படவும் பிற நிறுமங்களில் அமர்த்தப்படவும் ஐந்தாண்டுக்குத் தகுதி இழக்கின்றனர். கணக்கு எழுதிய ஒருவரோடு நில்லாமல் உடனிருந்த இயக்குநர் எல்லார்க்கும் அவ்விலக்கு பொருந்துகிறது. சுற்றத்தின் இடத்தில் இங்கே உடன் இயக்குநர் நிற்கின்றனர். அதே சட்டம், தணிக்கையரின் உறவினர்க்கு நிறுமத்தில் வரம்பு மீறிய பங்கு இருப்பின் அத்தணிக்கையரை விலக்குகிறது. ஆங்கு உறவு ஐயத்துக்குரியதாக மட்டுமே கொள்ளப்படுகிறது. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு உறவை நோக்கிய பார்வைக்கு இது நெருக்கமானது.

பொன்னும் மெழுகும்

உத்தரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு மற்றொன்றும் உண்டு. ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றுக் காண்பதற்கு வல்லாரைச் சபை அமர்த்தியதை அது கூறுகிறது. உரைகல்லில் பொன்னைத் தேய்க்கும்போது கல்லில் துகள் ஒட்டும். மெழுகால் ஒற்றி அதனை எடுப்பர். ஒரு நாளில் அது கண்ணுக்கும் தெரியாத அளவு; ஓராண்டில் அவ்வாறன்று. மாற்றுக் காண்பவர் அம்மெழுகைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்புவிக்க வேண்டும் எனச் சபை விதித்தது. பொன்னைச் சோதிக்கும் தொழிலுக்குச் சபையார் அல்லாத கைவல்லாரே வேண்டியிருந்தனர். ஆகவே குடவோலையோ உறவினர் விலக்கோ அவர்களிடம் செல்லாது. அவர்கள்பால் சபை கேட்டது துகள் ஒட்டிய மெழுகை மட்டுமே. அதனைப் பெற்றுக்கொண்ட ஏரி வாரியத்தார் 360 நாள் கழிந்தபின் தாமும் கணக்குக் காட்ட வேண்டியவராயினர்.